ஃபெட்டின் ‘குவாண்டம் பௌண்ட் ஸ்டேட்ஸ்’: சுவருக்குள் கசியும் எலக்ட்ரானைக் காட்டும் சிமுலேஷன்

இளநிலை இயற்பியல் வகுப்புகளில், துகளைத் தன்னுள் சிறைப்படுத்தும் நிலையாற்றல் கிணறு பெரும்பாலும் முடிவிலா உயரமுள்ள சுவர்களுடனேயே அறிமுகமாகிறது. துகள் எங்கே இருக்கக்கூடும் என்பதைக் குறிக்கும் அலைச்சார்பு சுவரில் சுழியாகிவிடும், ஆற்றல் மட்டங்கள் 1, 4, 9 என்ற விகிதத்தில் உயரும், கணக்கு அத்துடன் முடிந்துவிடும். உண்மையான கிணறு எதற்கும் அத்தகைய சுவர் கிடையாது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கல்வி சிமுலேஷன் திட்டம் இலவசமாக வழங்கும் இந்த சிமுலேஷனின் முதல் தகுதி, அது வரம்புள்ள சுவர்களை வைத்துப் பேசுவதுதான்.

அகலம் 1 நானோமீட்டர், ஆழம் 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) என்று வைத்தால் எலக்ட்ரானுக்கு ஆறு மட்டங்கள் அமைகின்றன. அடிமட்டம் கிணற்றின் தரையிலிருந்து சுமார் 0.30 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் நிற்கிறது. முடிவிலாக் கிணற்றின் சூத்திரம் தருவதோ 0.376. அலைச்சார்பு சுவருக்குள்ளும் சற்று நுழைந்து தேய்வதால் எலக்ட்ரான் பரவும் இடம் அகலமாகிறது, இடம் அகன்றால் ஆற்றல் தாழ்கிறது என்பதை வரைபடத்திலேயே கண்டுகொள்ளலாம். காகிதத்தில் கணக்கிட்டால் அடிமட்டத்தின் ஊடுருவல் ஆழம் 0.06 நானோமீட்டர்தான், விளிம்பை ஒட்டி நிற்கும் ஆறாவது மட்டத்திலோ அது 0.4 நானோமீட்டரை எட்டுகிறது. ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மேல்மட்டங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஒரு பரிமாணச் சமச்சீர்க் கிணற்றில் கடைசி மட்டம் ஒருபோதும் மறையாது என்ற தேற்றத்தை மாணவர் தாமே ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆற்றலை ஒரு வரைபடத்திலும் அலைச்சார்பைத் தனியாக அதன் கீழும் வைத்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். பல நூல்கள் அலையை ஆற்றல் கோட்டின் மீதே வரைந்துவிடுவதால், துகளின் ஆற்றலே அலைபோல ஏறி இறங்குகிறது என்று நம்பும் மாணவர்கள் உண்டு.

இரட்டைக் கிணறுப் பகுதி இன்னும் வளமானது. கிணறுகள் நெருங்க நெருங்க ஒவ்வொரு மட்டமும் இரண்டாகப் பிளக்கிறது. அந்த இரண்டையும் சம அளவில் கலந்தால் எலக்ட்ரான் ஒரு கிணற்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்புகிறது. பிளவு 0.1 எலக்ட்ரான் வோல்ட் எனில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 41 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) ஆகும். கிணறுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டங்கள் திடப்பொருள்களில் காணும் ஆற்றல் கற்றைகளாகத் திரள்வதும் தெரியும். திடப்பொருள் இயற்பியல் ஆசிரியர்களுக்கு அது ஒன்றே போதும்.

குறையென்றால், பெயருக்கேற்பக் கட்டுண்ட நிலைகளோடு, அதாவது கிணற்றுக்குள் சிக்கிய துகளின் நிலைகளோடு, இது நின்றுவிடுகிறது. கிணற்றின் மேலாகக் கடந்து செல்லும் துகள்களைப் பார்க்க ஃபெட்டின் வேறொரு சிமுலேஷனுக்குப் போக வேண்டும். அளவீடு செய்தால் கலப்பு நிலைக்கு என்ன நேரும் என்பதும் இதில் இல்லை. அதை ஆசிரியர்தான் கரும்பலகையில் விளக்க வேண்டியிருக்கும்.