பெரியம்மாவின் குளிசைப் பையும் ஜம்போலாவும்

தயிர், நண்டு, வாவிக் காற்று எல்லாம் மட்டக்களப்பில் இருந்த மாதிரியேதான் இருக்கின்றன. நான் எழுத வந்தது பெரியம்மாவின் கொலஸ்ட்ரோல் குளிசையைப் பற்றி.

காலையில் நம்பர் எடுத்து, கிளினிக் கொப்பியோடு காத்திருந்து, மதியம் கடந்து கைக்கு வந்தது ஒரு சின்னக் கடதாசிப் பை. மேலே பேனாவால் "இரவு 1". அவ்வளவுதான். கொப்பியைப் பார்த்தால் அட்டோர்வாஸ்டாடின். ரொறன்ரோவில் நான் போடுவதும் அதுதான். அங்கே போத்தலிலேயே கிரேப்ஃபுரூட் வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். இங்கே கல்லடியில் கிரேப்ஃபுரூட்டைக் கண்டவர் யார்? ஆனால் அதே இனத்துப் பழமான ஜம்போலா (பம்பளிமாஸ்) பெரியம்மாவின் வளவுக்குள் காய்த்துத் தொங்குகிறது. "மரத்துல பழுத்தது, தின்னு மனே" என்று எனக்கும் நீட்டுகிறார், தானும் பாதிப் பழத்தை முடிக்கிறார்.

பக்கத்துப் பாமசியில் கேட்டேன். "பழம்தானே அண்ணே, நல்லது" என்றார் தம்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

டவுனுக்குள் இன்னொரு கடை. அங்கே ஒரு வயதான ஐயா கொப்பியை வாங்கிப் பார்த்தார். எத்தனை மில்லிகிராம், கை கால் தசை நோகுதா, சிறுநீர் கறுத்துப் போகுதா என்று கேள்வி மேல் கேள்வி. குடலில் இந்த மருந்தை உடைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுமாம். அதனால் இரத்தத்தில் மருந்து கூடும், தசைக்குக் கெடுதல். காலையில் பழம், இரவில் குளிசை என்று பிரித்தாலும் சரிவராது, முடக்கம் ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். இதே வகைக் குளிசையான சிம்வாஸ்டாடின் என்றால் இன்னும் மோசம். அதே வகையில் ரோசுவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம் என்றார். தோடம்பழத்துக்குப் பயமில்லையாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் கவனிக்கவே இல்லை. கனடாவில் ஸ்டிக்கர் ஒட்டினார்களே தவிர, இப்படி நின்று பேசியவர் ஒருவரும் இல்லை.

பையின் பின்பக்கம் "ஜம்போலா கூடாது" என்று அவரே எழுதியும் தந்தார். பெரியம்மா அதை வாசித்துவிட்டு, "அப்ப மரத்த வெட்டச் சொல்றியா மனே?" என்று கேட்டார். பழமெல்லாம் இப்போது அடுத்த வீட்டு மாமிக்குப் போகிறது. மாமியும் அதே கிளினிக்தான். அவருடைய கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.