கோடைக் காய்ப்பு: மோர் வத்தலா, வேகவைத்த வத்தலா, ஃப்ரீசரா?

தைப்பட்டத்தில் ஊன்றிய வெண்டையும் கொத்தவரையும் பங்குனி பிறந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற அளவுக்கு வந்துவிடும். பறிக்காமல் விட்டால் காய் முற்றி நார் விழும், செடியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறித்தாலோ, நாலு பேர் இருக்கும் வீட்டில் தின்று மாளாது. மிச்சத்தை மோரில் ஊறப்போட்டு வத்தலாக்குவதா, உப்புத் தண்ணீரில் வேகவைத்து உலர்த்துவதா, ஃப்ரீசரில் வைப்பதா?

டெல்டாவில் வத்தல் போட நம்பிக்கையான நாள் பங்குனி நடுவிலிருந்து வைகாசி முடிய. பிறகு சாயங்கால இடிமழை ஆரம்பித்துவிடும். ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மதியமே கடல்காற்று ஏறிவிடும், காற்றோடு ஈரமும் வரும். தஞ்சாவூர், ஒரத்தநாடு பக்கம் அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லாக் கணக்கிலும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். வெயில் குறைந்து கெட்டுப்போகும் வத்தலைவிட, மாடியிலேயே விட்டு ராத்திரிப் பனியில் நனைந்து பூசணம் பூத்த வத்தல்தான் அதிகம். நாலு மணிக்கெல்லாம் முறத்தை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

வேகவைத்த வத்தலுக்குக் கொத்தவரையை மிஞ்சிய காய் இல்லை. அதில் தண்ணீர் எண்பது சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கத்தரியில் தொண்ணூறுக்கு மேல். அதனால் ஒரு கிலோ கொத்தவரை காய்ந்தால் இருநூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட நிற்கும், கத்தரி நூறு தேறினாலே பெரிது. பிஞ்சாகப் பார்த்துக் காம்பு கிள்ளி, கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் 40 கிராம் கல் உப்பும் வைத்து, நன்றாகக் கொதித்த பிறகு காயைப் போட்டு மூன்று நான்கு நிமிடம். வளைத்தால் வளைய வேண்டும், நசுங்கக் கூடாது. நசுங்கினால் காய்ந்த பின் தோலும் விதையும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வேகவைக்காமலே காயப்போட்டால் நிறம் வைக்கோலாகிவிடும், பொரித்தாலும் ரப்பர் மாதிரி இழுக்கும். மூன்று நாள் வெயிலுக்குப் பின் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று முறிந்தால் சரி. வளைந்து கொடுத்தால் இன்னொரு நாள்.

வெண்டைக்கு இந்த வழி ஆகாது. நறுக்கிய வெண்டை கொதிநீரில் விழுந்தால் கொழகொழப்பு வெளியே வந்து துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரை அங்குலத் துண்டாக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காலையில் பரப்புங்கள். மோரின் புளிப்பு கொழகொழப்பை வெட்டும்.

மோர் வத்தல் என்றால் மிளகாய்தான் ராஜா. வேலையும் அதில்தான் அதிகம், தப்புப் பண்ண இடமும் அதில்தான். ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கு ஒரு லிட்டர் கெட்டி மோர், 125 கிராம் கல் உப்பு. சதைப்பிடிப்பு நடுத்தரமாக உள்ள மிளகாயாகப் பாருங்கள். ஊசி மிளகாய் பொரித்தால் கருகும், வாயில் வைக்கவும் முடியாது. காம்பைக் கிள்ள வேண்டாம், நடுவில் ஒரு சின்னக் கீறல் போதும். மோர் இரண்டு நாள் புளித்ததாக, வெண்ணெய் எடுத்ததாக இருக்கட்டும். வெண்ணெய் தங்கிய மோரில் ஊறியது ஆடிக்குள் காறல் அடிக்கும். புளிக்காத மோரானால் இரண்டாம் நாளே வாடை மாறிவிடும், ஏனென்றால் அந்த ஈர நாட்களில் மிளகாயைக் காப்பது உப்போடு சேர்ந்த புளிப்பு. முதல் இரண்டு நாள் பீங்கான் ஜாடியிலேயே கிடக்கட்டும், காலை மாலை மரக்கரண்டியால் புரட்டினால் போதும். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் அள்ளி வெயிலில் போட்டு, ஜாடி மோரையும் வாயில் துணி கட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். சாயங்காலம் மிளகாய் திரும்ப மோருக்குள். பச்சை மெல்ல வெளிறி, மூன்று நான்கு நாளில் மோர் முழுக்க இழுத்துக்கொள்ளப்படும். அதன் பிறகு நாலைந்து நாள் உலர்த்தல் மட்டும். உலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும்.

இடையில் மேகம் போட்டால்? மோரிலேயே விட்டு வையுங்கள், கெடாது. பாதி காய்ந்ததை ஈரக்காற்றில் வைப்பதுதான் ஆபத்து. வேகவைத்த கொத்தவரைக்கு இந்தச் சலுகை கிடையாது. வெயில் இல்லாத ஒரு நாள் வந்தால் மின்விசிறிக்கு அடியில் பரப்பியாக வேண்டும். வானத்தை நம்ப முடியாத வாரத்தில் மோர் வத்தல் பக்கம் போவதே நல்லது. ஆனால் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உள்ள வீட்டுக்கு அத்தனை உப்பு ஒத்து வராது.

அவர்களுக்கு ஃப்ரீசர் கைகொடுக்கும், உப்பே வேண்டாம். வெண்டையை முழுசாக, காம்பு மட்டும் சீவி, கொதிநீரில் மூன்று நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் மூன்று நிமிடம். துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பிக் கல்லாக உறைந்த பிறகு பையில் கட்டுங்கள். நேரடியாகப் பையில் அடைத்தால் ஒரே பாறையாகிவிடும். சமைக்கும்போது உருக விடாமல் அப்படியே வாணலியில் போட வேண்டும், உருகினால் தொளதொளத்துப் போகும். முருங்கைத் துண்டுக்கும் தக்காளிக்கும் இந்த முறை அருமை. தக்காளியை முழுசாகவே உறைய வைக்கலாம், குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். கத்தரியை மட்டும் பச்சையாக வைக்காதீர்கள், கறுத்துக் குழைந்துவிடும். சுட்டுத் தோலுரித்துப் பிசைந்து வைத்தால் துவையலுக்கு ஆகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சித்திரையில் மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காமல் இருப்பதே வைத்தியம்.

சுண்டைக்காயை ஃப்ரீசரில் வைக்கிறேன் என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தட்டி, விதை போக அலசி, மோரில் போடுங்கள்.

வத்தல் எடுத்து வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுத்திகரிக்காத கல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் காற்றின் ஈரத்தை இழுக்கும். புது உப்பில் அது கூடுதல், குவித்து வைத்து நீர் வடிந்த பழைய உப்பில் குறைவு. எந்த உப்பானாலும் ஐப்பசி அடைமழையில் மோர் மிளகாய் கொஞ்சமாவது நமத்துப்போகும். அதற்கு முன்பே, ‘பொன்னுருகக் காயும்’ என்று பேர் வாங்கிய புரட்டாசி வெயிலில் வத்தலை ஜாடியிலிருந்து கொட்டி ஒரு பகல் காயவிடுங்கள். சூட்டோடு திரும்ப அடைத்தால் மூடியில் வேர்த்து அந்த ஈரம் வத்தலிலேயே சொட்டும், நிழலில் ஒரு மணி நேரம் ஆறிய பிறகு அள்ளுங்கள்.