60 வினாடியா, 22 நிமிடமா?

மினிட் என்ற வீடியோ கேமில் கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார், ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். திரையின் மூலையில் வினாடிகள் கரைந்துகொண்டிருக்கும். ஆட்டத்தில் நம் மொத்த ஆயுளே 60 வினாடி. முதல் தடவை அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் செத்துவிட்டேன். அடுத்த தடவை வழியில் ஒரு நண்டைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் ஒரே ஓட்டமாக வந்து, நின்று, முழுசாகக் கேட்டேன். மெதுவாகப் பேசும் ஒருவரைக் கேட்பதற்காக இப்படி அரக்கப் பரக்க ஓடியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை.

நேரக் கெடு வைத்த கேம் என்றாலே எனக்கு ஆகாது. பெரும்பாலும் அது ஆடுபவரைப் பதற வைக்கும் மிரட்டல், அவ்வளவுதான். ஆனால் கெடுவையே கதையாக்கி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும் ஆட்டங்கள் வேறு ரகம். மினிட் (2018), அவுட்டர் வைல்ட்ஸ் (2019), ட்வெல்வ் மினிட்ஸ் (2021) மூன்றையும் அடுத்தடுத்து ஆடியதில் ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: நேரம் தீர்ந்த பிறகு கையில் என்ன மிச்சம் இருக்கிறது?

மினிட்டில் பொருள்கள் மிச்சம். கடற்கரையில் கிடக்கும் சபிக்கப்பட்ட வாளை எடுத்ததும் கணக்கு ஆரம்பிக்கிறது. 60 வினாடியில் சாவு, பிறகு கடைசியாகப் போன வீட்டில் விழிப்பு. ஆனால் எடுத்த வாளும் பூவாளியும் தொலைந்து போகாது. நண்டுகளை வெட்டித் தள்ளினால் காபி கிடைக்கும், காபி குடித்தால் பெட்டிகளைத் தள்ளும் தெம்பு வரும். ஆக ஒவ்வொரு உயிரும் ஒரு சின்ன வேலை. இந்த உயிரில் பூவாளி, அடுத்த உயிரில் நெருப்பு, அதற்கடுத்ததில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எந்த இடமும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து 60 வினாடிக்குள் போய்ச் சேரும்படி இருந்தாக வேண்டும். அதனால் வரைபடத்தில் வெற்று நடை என்பதே கிடையாது. கறுப்பு வெள்ளையில் திரை திரையாக விரியும் உலகம், ஒவ்வொரு திரையிலும் ஒரு விஷயம். பெரிய ஆட்டங்களில் குதிரையேறிக் கடக்கும் காலிப் புல்வெளிகளை நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. வேண்டாத இடத்தில் மாட்டிக்கொண்டால் உடனே சாவதற்கென்றே ஒரு பொத்தானும் உண்டு. ஆரம்பத்தில் அதைத் தொடவே மனசு வரவில்லை. அரை மணி நேரத்தில் கதவைச் சாத்துவது மாதிரி அழுத்திக்கொண்டிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கதை மெலிசு. சில பொருள்கள் வெறுமனே ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன, மூளைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. ஆனால் ஒரே மாலையில் முடிந்துவிடும் ஆட்டத்தில் இதையெல்லாம் பெரிசுபடுத்தத் தோன்றவில்லை.

விண்கப்பலில் கோள் கோளாகச் சுற்றிப் பார்க்கும் அவுட்டர் வைல்ட்ஸ் நேர் எதிர். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் சாம்பல். எந்தப் பொருளும் மிஞ்சாது. தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம், அதைக் கப்பலின் பதிவேடு குறித்து வைக்கும். கடிகாரமும் திரையில் கிடையாது, உலகத்தைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்ள வேண்டும். இரட்டைக் கோள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கோளின் குகைகள் மணலில் மூடும்போது இன்னொன்றில் புதைந்து கிடந்த கோபுரங்கள் தலைகாட்டும். சீக்கிரம் போனால் ஒன்று, தாமதமாகப் போனால் வேறொன்று. கடைசியில் ஒரு சோகமான இசை ஒலிக்கத் தொடங்கும். சரி, இந்தச் சுற்று அவ்வளவுதான் என்று கையை எடுத்துவிடலாம்.

சங்கடம் என்னவென்றால், 18ஆவது நிமிடத்தில் கால் தவறிக் கருந்துளையில் விழுந்தால் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே பல நிமிடம் ஆகும். மினிட்டில் ஒரு சாவின் விலை அதிகபட்சம் ஒரு நிமிடம். இங்கே அது கொஞ்சம் வலிக்கும். அப்புறம், முடிச்சு எல்லாம் அவிழ்ந்த பிறகு இரண்டாம் முறை ஆட ஒன்றுமே மிச்சமில்லை. தெரிந்தவர் ஒரே சுற்றில் முடித்துவிடுவார். ஆனால் அந்த முதல் தடவைக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ட்வெல்வ் மினிட்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து பார்க்கும் ஒரு சின்ன அடுக்ககம், கணவன், மனைவி, கதவைத் தட்டும் போலீஸ்காரர். ஜேம்ஸ் மெக்கவாய், டெய்சி ரிட்லி, வில்லெம் டெஃபோ மூவரும் குரல் கொடுத்திருக்கிறார்கள், குரலில் குறையே இல்லை. இங்கேயும் அறிவுதான் மிச்சம். ஆனால் தெரிந்துகொண்டதை நிரூபிக்க அதே குவளையை எடு, அதே தண்ணீரைப் பிடி, அதே மாத்திரையைப் போடு என்று அரைத்த மாவையே அரைக்க வேண்டியிருக்கிறது. கேட்ட வசனத்தை வேகமாகத் தள்ளலாம்தான், ஆனாலும் ஒரே ஒரு கேள்வியை முன்பின்னாகக் கேட்டுவிட்டால் மொத்தமும் மறுபடி. உலகத்தின் விதி எனக்குப் புரிந்துவிட்டது, எழுதியவர் மனதில் இருக்கும் வரிசை மட்டும் பிடிபடவில்லை. மூன்றாவது நாள் மூடி வைத்துவிட்டேன்.

கெடு வைத்த ஆட்டத்தை இதுவரை தொட்டதே இல்லை என்பவர் மினிட்டில் தொடங்கலாம். பிடித்திருந்தால் பிறகு அவுட்டர் வைல்ட்ஸ், அதுவும் அதைப் பற்றி வேறெங்கும் எதையும் படிக்காமல். நான் ஏற்கெனவே கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன்.

மினிட்டை ஒரு முறை முடித்தவர்களுக்கு ஆயுளை 40 வினாடியாகக் குறைத்த இன்னொரு ஆட்டம் திறக்கும். அதில் நான் இன்னும் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.