டொயோட்டாவா, ஹோண்டாவா: ஹைப்ரிட்டில் யார் பக்கம் போவது?

பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்திருக்கும் ஹைப்ரிட் கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த மைலேஜ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எந்த ஹைப்ரிட் நமக்குச் சரிப்படும் என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. சிக்னலில் சிவப்பு விழுகிறது, பிரேக்கை மிதிக்கிறீர்கள். சாதாரண காரில் அதுவரை சேர்த்த வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். பச்சை விழுந்ததும் அதே வேகத்துக்கு மறுபடியும் பெட்ரோல் எரிக்க வேண்டும். இப்படி ஐம்பது தடவை நின்று கிளம்பினால், வேகம் பிடிக்க மட்டுமே ஏறக்குறைய ஒரு லிட்டர் காலி. அதில் ஒரு பங்கை ஹைப்ரிட் திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் மிதித்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் மின்சாரம் ஏற்றும். கிளம்பும்போது அதுவே வண்டியைத் தள்ளும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஹைப்ரிட் ஜெயிக்கிறது. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸின் 2010 மாடலுக்கு அமெரிக்க அரசு கொடுத்த கணக்கைப் பாருங்கள்: ஊருக்குள் லிட்டருக்குச் சுமார் 21.7 கி.மீ., நெடுஞ்சாலையில் 20.4. சாதாரண காரில் இது நேர்மாறாக இருக்கும்.

பின்னால் ஹைப்ரிட் என்று எழுதியிருக்கிற எல்லா வண்டியும் இதை இந்த அளவுக்குச் செய்யாது. மைல்டு ஹைப்ரிட்டில் பெரும்பாலும் பெல்ட்டில் மாட்டிய ஒரு சின்ன மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் தனியாக வண்டியை இழுக்க முடியாது. இதற்கும் ஹைப்ரிட் என்றே பெயர் வைத்து விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட் வேறு கதை: வீட்டில் தினமும் சார்ஜ் போட வசதி இருந்தால் அருமை, இல்லையென்றால் பெரிய பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவதுதான் மிச்சம்.

சரி, நிஜப் போட்டிக்கு வருவோம்.

டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை இறக்கியது. அதன் உயிர் ஒரு பிளானெட்டரி கியரில் இருக்கிறது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வரும் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு வளையம். நடுச் சக்கரத்தில் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர். சுற்றி வருபவற்றைத் தாங்கும் சட்டத்தில் என்ஜின். வளையத்தின் பக்கம் இன்னொரு மோட்டாரும் வண்டியின் சக்கரங்களும். மூன்றும் எப்போதும் கோத்தபடியே இருக்கும். கிளட்ச் இல்லை, மாற்ற வேண்டிய கியர் இல்லை. என்ஜினின் திருகுவிசையில் 28 சதவீதம் நடுச் சக்கரத்துக்கும் 72 சதவீதம் வளையத்துக்கும் பிரியும். முதல் பிரியஸில் நடுச் சக்கரத்துக்கு 30, வளையத்துக்கு 78 என்று பல் எண்ணிக்கை இருந்ததால் வந்த விகிதம் இது. நடுவில் இருக்கும் மோட்டாரே என்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுவதால் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது. கெட்டுப்போக இடமே வைக்காத அமைப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஹோண்டாவும் சளைக்கவில்லை, 1999இல் இன்சைட் என்ற ஹைப்ரிட் காரோடு வந்தது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மோட்டாரைச் செருகியிருந்தார்கள். எளிமையான யோசனை, ஆனால் டொயோட்டாவின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. 2013இல் அக்கார்டு ஹைப்ரிட்டில் அதை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போனார்கள். இன்று இ:ஹெச்இவி என்ற பெயரில் வருவது அந்த வழிதான். ஊருக்குள் வண்டியை இழுப்பது மோட்டார் மட்டுமே. என்ஜின் ஓடினாலும் ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் தயாரிப்பதோடு சரி. நெடுஞ்சாலையில் சீரான வேகத்துக்கு வந்ததும் ஒரு கிளட்ச் விழுந்து என்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்துவிடும். (நிஸான் 2016இல் நோட் காரில் கொண்டுவந்த இ-பவரில் அந்தக் கிளட்சும் கிடையாது, என்ஜின் கடைசிவரை சக்கரத்தைத் தொடாது.)

ஓட்டும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். முழு பாரத்தையும் மோட்டாரே இழுக்க வேண்டும் என்பதால் ஹோண்டாவில் மோட்டார் பெரிது. நெரிசலில் அது மின்சாரக் கார் மாதிரியே கிளம்பும், வழுக்கிக்கொண்டு போகும். டொயோட்டாவில் என்ஜினும் மோட்டாரும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. எப்போது யார் இழுக்கிறார்கள் என்று திரையில் ஓடும் அம்புக்குறியைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டொயோட்டாவின் குறை வெளியே வரும்: என்ஜின் சட்டென்று உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்று இரையும், வண்டியோ தன் போக்கில் மெதுவாக வேகமெடுக்கும். ஹோண்டாவிலும் இது இல்லாமல் இல்லை. புதிய மாடல்களில் கியர் மாறுவது போலச் சத்தத்தை ஏற்றி இறக்கிச் சமாளிக்கிறார்கள். காதை ஏமாற்றும் வேலைதான், ஆனாலும் நன்றாக இருக்கிறது.

மைலேஜை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். வித்தியாசம் உங்கள் கால் அழுத்தத்தில் கரைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு டொயோட்டா. ஓட்டும் சுகத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார் என்பவருக்கு ஹோண்டா. தினமும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுபவர் இரண்டையும் விட்டுவிட்டு நல்ல டீசலைப் பார்க்கலாம். நின்று நின்று போகாத இடத்தில் ஹைப்ரிட்டுக்குப் பிடித்துவைக்க அதிகம் ஒன்றும் இல்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக ஒரு விஷயம். பல மாடல்களில் பின் சீட்டை ஒட்டி ஒரு காற்றுத் துளை இருக்கும். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தூசியும் நாய் முடியும் அடைத்துக் கிடந்தால், அந்த பேட்டரி எத்தனை கோடையைச் சூட்டிலேயே கழித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.