டெண்டர், ஆஃபர், பிட்: வேரோடு சொல்லித்தரும் வகுப்பு

சேலம் ஐந்து ரோடு பக்கம் நடக்கும் இந்த வணிக ஆங்கில வகுப்பில், ‘தர முன்வருதல்’ பாடம் ஒன்றுக்கே கட்டணம் தகும். ஆஃபர், லத்தீன் ‘ஆஃபெர்ரே’: எதிரே கொண்டுபோதல். பழைய ஆங்கிலத்தில் கடவுளுக்குப் படைப்பது. டெண்டர் ‘டெண்டெரே’, அதாவது நீட்டுதல். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் டெண்டர் போடுபவர் விலையை நீட்டுகிறார் என்றதும் பிடிபட்டுவிடும். மென்மையைச் சொல்லும் டெண்டருக்கு வேர் வேறு, ‘டெனெர்’. பிரித்துக் காட்டியது அருமை.

ஏலத்தில் விலை கேட்கும் ‘பிட்’தான் குறை. கேட்டல், அளித்தல் என இரண்டு பழஞ்சொற்கள் கலந்தது அது. அதனால் ஏலத்தில் இறந்தகாலமும் ‘பிட்’டே, விடைபெறும்போதும் கட்டளையிடும்போதும் ‘பேட்’. வகுப்பில் இதை அவசரமாகத் தாண்டுவதால் பலர் ‘பிட்டட்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆஃபர்ட் டு ஹெல்ப்’ சரி, ‘ஆஃபர்ட் ஹெல்ப்பிங்’ தவறு. இதற்கும் கூடுதல் பயிற்சித்தாள் வேண்டும்.