வேதப்பகுதியை யார் தேர்ந்தெடுப்பது? மூன்று பிரசங்க முறைகள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டு இருக்கும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அதுதான் அந்த வருடத்துக்கு நமக்கு வந்த வார்த்தை. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு ஒரு வருடம் எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம். அவர்கள் வீட்டுக்காரருக்கு அப்போது டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த அட்டையைப் பைபிளுக்குள் வைத்து எடுத்துப் போவார்கள். மார்ச்சில் அவர் இறந்துபோனார். துக்க வீட்டு ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பியபிறகு அக்கா என்னைக் கேட்டார்கள்: "தம்பி, அந்த வசனம் எனக்குத்தானே வந்தது?"

அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அது வாசிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எழுதப்பட்டது. ஆனால் ஒரு துக்க வீட்டில், அந்த நேரத்தில், இதைச் சொல்ல முடியுமா? அது முன்னாலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டியது. அக்கா நாற்பது வருடமாகத் தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள். எரேமியா 29-ஐ முழுதாக ஒரு தடவைகூடப் பிரசங்கத்தில் கேட்டதில்லை என்றார்கள்.

பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் ஐயர், அதாவது போதகர், வேறு சபைக்குப் போகிற ஞாயிறுகளில் பிரசங்கம் பண்ணும் முறை எனக்கும் வரும். அதனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த வாரம் எந்த வேதப்பகுதி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தமிழ்ச் சபைகளில் அதற்கு மூன்று வழிகள் உண்டு. எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்று முன்கூட்டியே குறித்திருக்கிற வாசக அட்டவணை முடிவு செய்யலாம். போன வாரம் எங்கே விட்டோமோ அந்த இடமே முடிவு செய்யலாம். அல்லது பிரசங்கியாரே ஜெபித்து ஒரு தலைப்பையோ வசனத்தையோ எடுக்கலாம்.

அட்டவணை முறை சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானது. கத்தோலிக்கரின் மறையுரையும் அன்றைய வாசகங்களை ஒட்டித்தான் அமையும். தரங்கம்பாடிக்கு 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கொண்டுவந்த லுத்தரன் மரபில் ஞாயிறுக்கு ஒரு சுவிசேஷப் பகுதியும் ஒரு நிருபப் பகுதியும் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தன. லுத்தர் தாமே அந்த ஞாயிறு வாசகங்களை மாற்றாமல் வைத்துக்கொண்டவர். 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது, அட்டவணையோடு வந்த ஆங்கிலிக்கரும், பிரசங்கியாரே வசனத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகிய காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரே திருச்சபையானார்கள். இன்றும் ஒரே திருமண்டலத்துக்குள் இரண்டு பழக்கத்தையும் பார்க்கலாம். சபை நாட்காட்டியான அல்மனாக்கில் அந்த ஞாயிறுக்கான தலைப்பும் வாசகங்களும் அச்சாகியிருக்கும். சிலர் அதையே பிரசங்கிப்பார்கள். சிலர் வாசகங்களை வாசிக்கவிட்டு வேறு ஒன்றைப் பேசுவார்கள்.

இந்த முறையின் பெரிய பலத்தை நகரத்துச் சபைகளில் இருப்பவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. ஒரு ஐயருக்கு ஏழெட்டு கிராமச் சபைகள் இருக்கும். அவர் வராத ஞாயிறுகளில் சபை ஊழியரோ என்னைப்போல ஒருவரோ நிற்போம். பிரசங்கம் சரியாக அமையாவிட்டாலும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று நான்கு இடத்திலிருந்து வேதம் சபையின் காதில் விழுந்திருக்கும். கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு, ஆவியானவரின் வருகை, திரித்துவம் என்று விசுவாசப் பிரமாணத்தின் எலும்புக்கூடு முழுவதும் வருடத்துக்கு ஒரு முறை கண்முன் வந்துவிடும். வேறு எந்த முறையிலும் இது தானாக நடக்காது.

ஆனால் அட்டவணை கத்தரி போடும். பல நாடுகளில் பல சபைகள் பயன்படுத்துகிற 1992-ம் வருடத்துப் பொது அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடச் சுற்று. ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, பிறகு லூக்கா. யோவான் இடையிடையே வரும். அந்த மூன்று வருடத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்துக்கு ஒரே ஒரு ஞாயிறுதான். எரேமியா 29-லிருந்து அதில் வருவது 1, 4 முதல் 7 வரை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிற பகுதி. 11-ம் வசனம் அதற்குள் இல்லை. அட்டைத் தட்டில் 11 மட்டும் இருக்கிறது, அட்டவணையில் 11-க்கு முந்தியது மட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வழிக்குத்தான் போகவேண்டும்.

இதைவிட எனக்கு வலிக்கிற உதாரணம் 1 கொரிந்தியர் 11. பெரிய வியாழக்கிழமை வாசகமாக அதே அட்டவணை தருவது 23 முதல் 26 வரை நான்கு வசனம். "இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்கிற, திருவிருந்தின் உயிரான வார்த்தைகள். அழகாகத் தொடங்கி அழகாக முடிகிறது. பவுல் அதை எதற்காக எழுதினார் என்பது 17-லிருந்து 22 வரைக்கும் இருக்கிறது. "அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பவுல் ஆண்டவருடைய பந்தியை எடுத்து வைக்கிறார். சண்டையை வெட்டிவிட்டு பந்தியை மட்டும் வாசித்தால், கொரிந்துச் சபையே நம் கண்ணுக்குத் தெரியாது.

தலைப்புப் பிரசங்கத்தில் இதே அதிகாரம் வேறு இடத்தில் வெட்டப்படும். சிறு வயதில் நான் திருவிருந்து ஆயத்தத்தில் கேட்டதெல்லாம் "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், என்ற ஒரே வார்த்தைதான். சினிமா பார்த்தாயா, பொய் சொன்னாயா, அப்படியானால் பந்திக்குப் போகாதே என்று பயமுறுத்தினார்கள். 29-ம் வசனம் சொல்வது கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறிவதைப் பற்றி. 33-ம் வசனத்தில் முடிவு வருகிறது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." பக்கத்தில் பசியோடு நிற்கிறவன் அந்தச் சரீரத்தில் ஒரு அவயவம் என்று தெரியாமல் சாப்பிடுவதையும் பவுல் அபாத்திரம் என்கிறார். நம் ஊரில் இது வெறும் வியாக்கியானம் இல்லை. கல்கத்தா பேராயராயிருந்த டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்கு, சாதி வேறுபாட்டைத் தயக்கமில்லாமல் விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பவேண்டி வந்தது. கோயிலில் உட்காரும் இடத்திலும், திருவிருந்தில் யார் முன்னால் போவது என்பதிலும் பிரச்சினை இருந்தது. அது பழைய கதை என்று தைரியமாகச் சொல்லிவிட என்னால் முடியவில்லை.

இங்கேதான் தொடர் முறை, அதாவது ஒரு புத்தகத்தை எடுத்து அதிகாரம் அதிகாரமாகப் போவது, எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதுவும் புதியதல்ல. நான்காம் நூற்றாண்டில் சபைப் பிதாவான கிறிசோஸ்தொம் இப்படித்தான் மத்தேயுவை விளக்கினார். 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி அட்டவணையை ஒதுக்கிவிட்டு மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து ஆரம்பித்தார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினை ஜெனீவா நகரம் 1538-ல் துரத்தியது, 1541-ல் திரும்பக் கூப்பிட்டது. மறுபடி பிரசங்க பீடத்தில் ஏறியவர் பழைய சண்டையைப் பற்றிப் பேசாமல், மூன்று வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து அடுத்த பகுதியை விளக்கத் தொடங்கினார். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். துரத்தியவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர்களைத் திட்ட ஒரு வசனத்தைத் தேடாமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்!

சபைச் சண்டைகளுக்கு நடுவில் இந்த முறை ஒரு பாதுகாப்பு. கமிட்டித் தேர்தல் முடிந்த அடுத்த ஞாயிறு ஐயர் 1 கொரிந்தியர் 6-ஐ எடுத்து "சகோதரனோடே சகோதரன் வழக்காடுகிறான்" என்று ஆரம்பித்தால், யாரைக் குத்துகிறார் என்று பாதி சபை திரும்பிப் பார்க்கும். போன வாரம் 5, இந்த வாரம் 6 என்றால் ஐயரைக் கோபிக்க வழியில்லை, வசனத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். யாக்கோபு 2-ல் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தினவனுக்குப் பாதபடியும் கொடுக்கிற பகுதியும் அப்படித்தான். அதைத் தேடிப்போய் எடுக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. யாக்கோபை முதலிலிருந்து எடுத்ததால் இரண்டாம் வாரம் அது வந்து நின்றது, தப்பிக்க முடியவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலில் மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் 1955-லிருந்து 1968 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் ரோமர் நிருபத்தை விளக்கினார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு உடல்நலம் குன்றியதால் 14:17-ல் நிறுத்தவேண்டியதாயிற்று. ஆனால் அது வார நாள் கூட்டம், தேடி வருகிறவர்களுக்கானது. ஞாயிறு காலையில், மூன்று நான்கு வருடத்தில் மாறுதல் வாங்கிப் போகிற ஐயர் இதைச் செய்தால், சபைக்கு ரோமர் எட்டாம் அதிகாரத்தோடு நின்றுபோகும். புதிதாக வந்தவர், போன வாரம் வயல் வேலைக்குப் போனவர், துக்கத்தில் இருக்கிறவர் எல்லோருக்கும் தொடர் பிடிபடாது. புயல் அடித்து ஊரே ஓடு பறந்து கிடக்கும்போது லேவியராகமத்தின் அடுத்த அதிகாரத்தைத் திறப்பவர் மேய்ப்பராக இருக்க முடியாது. அப்புறம், ஒரே வசனத்தில் நாலு வாரம் நின்று கிரேக்கச் சொல் ஒவ்வொன்றையும் பிரிப்பது. கேட்க வந்தவர் பசியோடு திரும்பிப் போவார்.

தலைப்பு முறையை நான் தள்ளிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் நீண்ட தொடர்களை விரும்பாதவர். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு வசனத்துக்காகப் போராடித் தேடினார். ஆயிரக்கணக்கானவர்கள் அதனால் ஆண்டவரைக் கண்டார்கள். ஆனால் அவ்வளவு வேதம் மனதில் ஊறியிருந்த மனிதருக்குச் சரிப்பட்டது மற்றவர்களுக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. என்னிடம் விட்டால் எனக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு இடங்களையே சுற்றிச்சுற்றி வருவேன், அதை என் பழைய குறிப்பு நோட்டிலேயே பார்க்கிறேன். நான் போன பல கூட்டங்களில் தசமபாகத்துக்கு மல்கியா 3:10-ஐக் கேட்டிருக்கிறேன். அதே அதிகாரத்தின் 5-ம் வசனத்தில் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கு வருகிற நியாயத்தீர்ப்பை யாரும் பிரசங்கித்துக் கேட்டதில்லை.

உபதேசத்தைக் கற்பிக்க மட்டும் தலைப்பு முறைக்கு ஈடில்லை. திரித்துவம், நீதிமானாக்கப்படுதல், ஞானஸ்நானம் இவற்றை ஒரே புத்தகத்திலிருந்து முழுதாக எடுக்க முடியாது. 1563-ல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தில் 129 கேள்வி பதில்களும் 52 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டு, சீர்திருத்தச் சபைகளில் பிற்பகல் பிரசங்கமாக ஆயின. அதுவும் தலைப்புப் பிரசங்கம்தான். ஆனால் தலைப்பை அந்த வாரத்துப் பிரசங்கியாரின் மனநிலை முடிவு செய்யவில்லை. நம் சபைகளில் ஞானோபதேசம் திடப்படுத்தல் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதில் மனப்பாடம் பண்ணியதை ஐம்பது வயதில் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

அதனால் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், கிறிஸ்துமசுக்கு முந்திய ஆயத்தக் காலமான அட்வெந்திலிருந்து, பெந்தெகொஸ்தேக்கு அடுத்து வரும் திரித்துவ ஞாயிறு வரை அட்டவணையைத் தொடக்கூடாது. அந்த ஆறு மாதம் கிறிஸ்துவின் வாழ்க்கையே வரிசையாக வருகிறது. திரித்துவ ஞாயிறுக்குப் பிறகு அடுத்த அட்வெந்து வரைக்கும் இருக்கிற ஐந்தாறு மாதத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து முடிக்கலாம். யாக்கோபு, ரூத், பிலிப்பியர், மாற்கில் பாதி என்று ஐயர் மாறுதலுக்கு முன் முடியக்கூடிய அளவில் எடுத்தால் போதும். ஞானோபதேசத்துக்கு மாலை ஆராதனையோ வார நாள் ஜெபக்கூட்டமோ இருக்கிறது. தலைப்பும் தனி வசனமும் கல்யாணம், அடக்கம், அறுப்பின் பண்டிகை, புயல் அடித்த வாரம் ஆகியவற்றுக்கு. மூன்றில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் தொடர் முறையைத்தான் எடுப்பேன். ஆனால் அதோடு நான்கு வாசகங்களும் கட்டாயம் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்பேன்.

வாக்குத்தத்த அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அக்காவின் பைபிளில் அந்த அட்டை இன்னும் எரேமியாவில்தான் இருக்கிறது. போன மாதம் அவர்களாகவே 28-ம் அதிகாரத்தையும் படித்துவிட்டு வந்து, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைப் பற்றிக் கேட்டார்கள். "அவன் பேச்சைத்தான் தம்பி அன்னைக்கு எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்" என்றார்கள். இந்த ஜூனில் எரேமியாவை எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். 52 அதிகாரம், அட்வெந்துக்குள் முடியாது, 26-லிருந்து 33 வரை எடுப்போம் என்று சொல்லியிருக்கிறார். 29 நாலாவது வாரம் வரும்.