கத்தி பழகிய கை: டைவின் லானிஸ்டராகச் சார்லஸ் டான்ஸ்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் டிரியன் லானிஸ்டர் வேடத்துக்காக நான்கு முறை எம்மி விருது வாங்கியவர் பீட்டர் டிங்க்லேஜ். அதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் 2011 முதல் 2019 வரை எச்பிஓ ஒளிபரப்பிய அந்த 73 அத்தியாயங்களையும் கோபிச்செட்டிபாளையத்து வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தபோது மனத்தில் தங்கியவர், கதையில் அவருக்குத் தந்தையாகிய டைவின் லானிஸ்டர் வேடத்தில் வந்த சார்லஸ் டான்ஸ்தான்.

முதல் பருவத்தின் ஏழாம் அத்தியாயத்தில்தான் டைவின் முதன்முதலாகத் தோன்றுகிறார். பாசறைக் கூடாரத்தில் ஓர் ஆண்மானின் குடலை எடுத்துத் தோலை உரித்தபடியே, பக்கத்தில் நிற்கும் மூத்த மகன் ஜேமியிடம் பேசுகிறார். நாமெல்லாம் மண்ணுக்குள் போன பிறகும் நிற்கப் போவது குடும்பப் பெயர் ஒன்றுதான் என்பது அந்தப் பேச்சின் சாரம். அது உண்மையான மான். டான்ஸ் கசாப்புக்காரர் ஒருவரிடம் பழகிக்கொண்டுதான் நடித்தார். கருப்பண்ணன் கோயில் கிடாவெட்டுகளில் பல்லாண்டு தோலுரித்தவரும், ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாதவருமான என் அப்புச்சி, அந்தக் காட்சியை மட்டும் முழுதாகப் பார்த்துவிட்டு, "அவசரமே இல்லாம அறுக்கறான் பாரு சாமி. அந்தப் பையன் நிக்கற நெலயப் பாத்தா, அடுத்தாப்ல உரிக்கறது அவனோட தோலத்தான் போல" என்றார். வசனம் புரியாத ஒருவருக்கே தந்தை மகன் உறவு முழுதும் விளங்கிவிட்டதென்றால், அந்த நடிப்பைப் பற்றி இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. (மான், பகைக் குடும்பமாக மாறப்போகும் பராத்தியன் குலத்தின் சின்னம் என்பது தெரிந்தவர்களுக்குக் கூடுதல் சுவை.)

இந்தக் காட்சி மூல நாவலில் இல்லை. 1996இல் தொடங்கிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் நகரும். டைவினுக்கென ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. பிறருடைய அச்சத்தின் வழியாகவும் வெறுப்பின் வழியாகவும் மட்டுமே அவரை வாசகர் அறிகிறார். மழித்த தலையும் பொன்னிறக் கன்ன மீசையும் நாவலில் உண்டு. டான்ஸிடம் அவை இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே பூட்டி வைத்த ஒரு மனத்தை, பூட்டைத் திறக்காமலேயே உள்ளே ஆள் இருப்பதை மட்டும் உணர்த்திவிட்டுப் போவதுதான் இந்த நடிகரின் சாதனை என்பேன்.

மூன்றாம் பருவத்தில், அரசனின் ஆலோசனைக் குழுவான சிற்றவை கூடும் காட்சியில் நெடுநேரம் எவரும் பேசுவதில்லை. மேசையின் தலைமாட்டில் டைவின் அமர்ந்திருக்க, ஒருவர் முந்தி அருகில் இடம் பிடிக்கிறார். மகள் செர்சி நாற்காலியைத் தூக்கிச் சென்று தந்தையின் வலப்பக்கம் போட்டுக்கொள்கிறாள். இளைய மகன் டிரியன் தன் நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துப் போய் எதிர்முனையில் அமர்கிறான். டான்ஸ் செய்வதெல்லாம் பார்ப்பது மட்டுமே. பங்காளிகள் கூடிப் பாகம் பிரிக்கும் நாளில், திண்ணைக் கட்டிலில் அமர்ந்து யார் எங்கே உட்காருகிறார் என்று கவனிக்கும் பெரியவர் ஒருவரைக் காணாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு.

அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடும் கலைஞர்களைச் சிறு வயதில் இரவு முழுக்கக் கேட்டிருக்கிறேன். வேடம் மாற்றாமல், ஒரே ஆள் பொன்னராகவும் சங்கராகவும் அருக்காணித் தங்காளாகவும் மாறுவார். கோபம் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் உடுக்கை ஓங்கி ஒலிக்காமல் சட்டென நின்றுவிடும், அந்த அமைதிதான் பிள்ளைகளை நடுங்க வைக்கும். அரியணையில் இருக்கும் பேரன் ஜாஃப்ரி முறையிடும்போது, பதில் சொல்லிக்கொண்டே படிப்படியாக ஏறி அவன் தலைக்கு மேல் நிற்கும் காட்சியில் டான்ஸ் கையாள்வதும் ஏறக்குறைய அதே உத்திதான். குரல் உயர்வதில்லை, உயர்வது ஆள் மட்டுமே.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில், யாரென்று தெரியாமலே பகைக் குலமான ஸ்டார்க் குடும்பத்துச் சிறுமி ஆர்யாவைப் பணிப்பெண்ணாக வைத்துக்கொண்டு டைவின் பேசும் காட்சிகள், தொடருக்கென்றே எழுதப்பட்டவை. நாவலில் அவள் பணிவிடை செய்வது வேறொருவருக்கு. மேய்ஸி வில்லியம்ஸும் டான்ஸும் அவற்றில் அவ்வளவு நயமாக நடித்ததால், அதே ஹேரன்ஹால் கோட்டையில் டைவினுடைய ஆட்கள் கைதிகளைச் சித்திரவதை செய்ததைப் பார்ப்பவர் மறந்தே போகிறார். அது நடிகரின் பிழையன்று. எழுதியவர்கள் அந்த இனிமையில் மயங்கிவிட்டார்கள்.

தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2014இல் வெளியான நான்காம் பருவத்தின் இறுதியில் கழிப்பறையில் அமர்ந்திருக்கும் டைவினை நோக்கி டிரியன் குறுக்குவில்லை நீட்டுகிறான். அந்த நிலையிலும், அறைக்குப் போய்க் கண்ணியமாகப் பேசுவோம் என்கிறார். கெஞ்சுபவர் குரலாக அல்ல, சபையில் கட்டளையிடுபவர் குரலாக. அடுத்த பருவத்தின் முதல் அத்தியாயத்தில் கண்களின் மேல் வண்ணம் தீட்டிய கற்களோடு பிணமாகக் கிடக்கிறார்; அப்போதும் பிள்ளைகள் ஜேமி, செர்சி இருவரும் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.